சட்டத்தைக் கேட்டு உட்கார்ந்தவள்

திருச்சி
20 ஜூலை 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

வள்ளிக்கண்ணு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? நீங்கள் காவல் இருக்கும் கேட்டில் காற்றாக இருக்கும், மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள்.

காவிரிக்கு இந்தப் பக்கம் நான், ஸ்ரீரங்கத்தில் நீங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம். அதற்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன், பாருங்கள். ஆடித் தள்ளுபடி முடியும்வரை லீவு கிடையாதாம். போனை ஹாஸ்டல் வார்டன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். ஞாயிறு பத்து நிமிஷம் தருவார், பக்கத்திலேயே நின்று கேட்பார். ஹாஸ்டலுக்கு வரும் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதனால் இதைக் கடையில் பெருக்கித் துடைக்கும் பாக்கியமேரி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். காட்டூரில் அவர் வீட்டு விலாசத்துக்கே நீங்களும் எழுதுங்கள்.

நேற்று பட்டுப் பிரிவில் என் பக்கத்தில் நிற்கும் ஜோதிக்குக் காலில் நரம்பு வெடித்துவிட்டது. ஐந்து வருஷமாக நிற்கிறாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்குகிறோம். நடுவில் சாப்பிட அரை மணி. கவுண்ட்டரில் சாய்ந்தால்கூடக் கேமராவில் பார்த்து, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரத்தம் செருப்பு வரை இறங்கியது. சூப்பர்வைசர் அருள்ராஜ் ஓடி வந்து, "மொதல்ல புடவையைத் தள்ளி வை"ன்னு சொன்னார். ஜோதி கட்டியிருந்ததைச் சொல்லவில்லை, கவுண்ட்டரில் விரித்திருந்த புடவையைச் சொன்னார்.

பேக்கிங் அறையில் வைத்து அவளுக்குத் துணி கட்டினோம். அவள் சுவரில் சாய, காலண்டர் கழன்று விழுந்தது. பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடைச் சட்டத்தின் சுருக்கம், தமிழில். தொழிலாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. வேலையின் நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள, எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை தர வேண்டுமாம். இரண்டு முறை படித்தேன். நாலு வருஷமாக அந்த இடத்துக் காலண்டரில்தான் நான் தேதி பார்க்கிறேன் அப்பா.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
வள்ளிக்கண்ணு

*

ஸ்ரீரங்கம்
29 ஜூலை 2023

அன்பு மகள் வள்ளிக்கண்ணுவுக்கு அப்பா நல்லுசாமி எழுதியது.

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். இருமல் பரவாயில்லை. அந்தப் பெண் ஜோதியை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. உன் காலையும் பார்த்துக்கொள். படுக்கும்போது தலையணையைக் காலுக்கு வை.

நீ அந்தத் தாளைப் படித்ததில் தப்பில்லை. ஆனால் படித்ததோடு விடு. நான் காவல் இருக்கும் இந்த அபார்ட்மெண்ட், உன் முதலாளியின் தம்பி கட்டியது. துறையூர்ப் பக்கம் நிலம் போய் நாம் இங்கே வந்தபோது உன்னைக் கடையிலும் என்னைக் கேட்டிலும் வைத்தவர்கள் அவர்கள். இந்தக் கேட்டுக்குப் பின்னால் இருக்கும் அறைதான் நமக்கு வீடு. இதை மறந்து எதுவும் செய்யாதே.

கோபம் வந்தால் தண்ணீர் குடி. பதில் போடு.

அப்பா

*

திருச்சி
16 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

என் உடம்புக்குக் குறைவில்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கோபம் போகவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மாடியில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. ஒரு புடவைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். மைக்கில் என் பெயர் வந்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை வந்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை. அருள்ராஜ் படியேறி மூச்சிரைக்க வந்தார்.

"யாரைக் கேட்டு உக்காந்த?"

"சட்டத்தைக் கேட்டு."

மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வெளிய ஆயிரம் பேரு நிக்கிறாங்க, இந்த வேலைக்கு"ன்னார். "அவங்களுக்கும் சேர்த்துதான் சார் உக்காந்திருக்கேன்"னேன்.

மறுநாளிலிருந்து என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். போகிற வருகிறவர்களைக் கும்பிட்டு "வாங்க வாங்க" சொல்லும் வேலை. வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. சரி, நில் என்றால் நிற்கிறேன். நின்றுகொண்டே யோசித்ததில், தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பாக்கியமேரி அக்கா பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். "எனக்கும் ஒரு கையெழுத்து போடும்மா, நானும்தான குனிஞ்சே நிக்கிறேன்"ன்னு சொல்லி, ஏழாவதாக அவரும் போட்டார்.

திட்டத் தோன்றினால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வள்ளிக்கண்ணு

*

ஸ்ரீரங்கம்
24 ஆகஸ்ட் 2023

மகள் வள்ளிக்கண்ணுவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

எதற்கு முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும்? நேற்று முதலாளியின் தம்பி காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "உங்க பொண்ணு எப்படிப்பா இருக்கா?"ன்னு கேட்டார். நாலு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "நல்லா இருக்காங்க ஐயா"ன்னேன். "நல்லா இருக்கச் சொல்லுங்க"ன்னுட்டுப் போய்விட்டார்.

நாம் எதிர்த்து நிற்கக் கூடிய ஆட்களா கண்ணு? புகாரை வாபஸ் வாங்கு. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உன் நல்லதுக்கே எழுதும்,
அப்பா

*

திருச்சி
14 செப்டம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? நான் நலம். நீங்கள் சொன்னதைச் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துத் தேட வேண்டாம்.

திங்கட்கிழமை தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தார். அவர் வருவது கடைக்கு எப்படித் தெரிந்ததோ, காலை ஏழு மணிக்கு ஒரு டெம்போவில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு கவுண்ட்டருக்கும் ஒன்று. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அவர் பத்தரைக்கு வந்தபோது, வாசலில் நிற்கும் என்னையும் மாடிக்குக் கூப்பிட்டு, எல்லாரையும் உட்காரவைத்திருந்தார்கள். போட்டோ எடுக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இது எப்பவும் இருக்குதாம்மா?"ன்னு கேட்டார். மேனேஜர் எதிரில் நிற்கிறார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் பயம்தான் அப்பா, பொய் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம்தான் கண்முன் வந்தது. பிறகு ஜோதி தன் பாவாடை ஓரத்தைச் சரிசெய்யக் குனிந்தாள். கட்டுப் போட்ட கால் தெரிந்தது.

"இன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு டெம்போல வந்துச்சு சார்"னேன்.

அவர் எழுதிக்கொண்டார். மேனேஜருக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கார் முனை திரும்புவதற்குள் ஸ்டூல்களைக் கயிற்றில் கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

கோபமா? இரண்டு வரியாவது எழுதுங்கள்.

வள்ளிக்கண்ணு

*

11 அக்டோபர் 2023

அன்பு மகளுக்கு,

நான் சுகமே. பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கொஞ்சம் வேலை. சமயபுரத்துக்கு அம்மனைப் பார்க்க வந்தேன், இங்கேயே தபாலில் சேர்க்கிறேன். கேட்டில் இருக்கும் போன் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை அதில் கூப்பிட வேண்டாம். கடிதத்தை வழக்கமான விலாசத்துக்கே போடு, கிடைத்துவிடும்.

போன கடிதத்தில் வாபஸ் வாங்கு என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடு.

நீ நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறாய். நடந்ததைச் சொன்னதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. யார் வந்து எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. படித்த பிறகும் யோசித்துப் போடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை இரண்டு தரம் எழுதியதாக வைத்துக்கொள்.

ஜோதியைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

*

திருச்சி
9 நவம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கிறது. எல்லாருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி சௌக்கியம். உங்கள் கடிதத்தைப் பாக்கியமேரி அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். "என்னாச்சு உங்கப்பாவுக்கு?"ன்னு கேட்டார். நானும் அதையே கேட்கிறேன். என்ன ஆச்சு?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் தாங்காமல் என்னை மறுபடியும் பட்டுப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாற்பது பேர் ஒரே மாடியில் நிற்கிறோம். ஜோதி என்னிடம் வந்து, "எனக்கு மறுபடி கால் ஈரமா இருக்கு, பாக்கப் பயமா இருக்கு"ன்னாள். பார்த்தேன். கசிந்துகொண்டிருந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். "மேலேருந்து ஒரே ஒரு ஸ்டூல் மட்டும் எறக்கித் தாங்க சார்"னு கேட்டேன். "ஒண்ணு எறக்கினா நாப்பதும் எறக்கணும்"னார்.

திரும்பி வந்து, ஜோதியைத் தரையில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு கவுண்ட்டருக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் எதிர்க் கவுண்ட்டரில் இரண்டு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மளமளவென்று மாடி முழுக்க உட்கார்ந்துவிட்டோம். மைக்கில் முதலில் பெயர்களாக வந்தது, அப்புறம் பெயர் சொல்லி மாளாமல் "எல்லாரும்... எல்லாரும்..." என்று வந்தது. பிறகு அதுவும் நின்றது.

கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்த மணச்சநல்லூர் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏன் எல்லாரும் கீழ உக்காந்திருக்கீங்க?"ன்னு கேட்டார். சொன்னோம். அவர் ஜோதியின் காலைப் பார்த்தார். அப்புறம் அவரும் தரையில் உட்கார்ந்து, "நீங்க உக்காந்தே எடுத்துப் போடுங்க, நான் உக்காந்தே பாக்குறேன்"னார். அப்படியே அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்தார்.

முதலாளியே இறங்கி வந்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். நாலு மணிக்கு ஸ்டூல்கள் வந்தன, விலைச் சீட்டோடு. ஜோதியை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இந்தக் கடிதம் எழுதும்போது உட்கார்ந்திருக்கிறேன். பயமும் இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு நாள் லீவு கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். எண்ணெய் வைத்துக் குளியுங்கள்.

வள்ளிக்கண்ணு

*

ஸ்ரீரங்கம், அபார்ட்மெண்ட் கேட்
28 நவம்பர் 2023

அப்பா,

எங்கே இருக்கிறீர்கள்? எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்றுக் காலை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நாளைலேருந்து வர வேணாம்"னு அருள்ராஜ் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. பையையும் போனையும் ஹாஸ்டல் வாசலில் வைத்துவிட்டார்கள். பாக்கியமேரி அக்கா வீட்டில் ராத்திரி தங்கினேன். போன் கைக்கு வந்ததும் முதலில் உங்கள் கேட் நம்பருக்குத்தான் போட்டேன். ரிப்பேர் இல்லை. முதல் மணியிலேயே எடுத்தார்கள். உங்கள் குரல் இல்லை.

பஸ் பிடித்து வந்தேன். சவரிநாதன் என்கிறவர் உங்கள் நாற்காலியில் இருக்கிறார். நல்ல மனிதர். டீ வாங்கித் தந்தார். நீங்கள் செப்டம்பரிலேயே போய்விட்டதாகவும், சமயபுரத்தில் ஏதோ லாட்ஜில் வேலை பார்ப்பதாகவும், சாமான் வாங்க இந்தப் பக்கம் வரும்போது என் கடிதங்களை வாங்கிப் போவதாகவும் சொன்னார். எந்த லாட்ஜ் என்று அவருக்குத் தெரியவில்லை. "பொண்ணுக்குத் தெரிய வேணாம்னு கையைப் புடிச்சிக் கேட்டாரும்மா"ன்னார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று இரண்டு தரம் எழுதியதாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்களே. இரண்டு தரமும் பொய்யா?

இதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நான் காட்டூரில் இருக்கிறேன். இனி பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆறு மாசத்துக்குமேல் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக்கூடாது என்று காலண்டருக்குப் பின்னால் இருந்த அதே தாளில் இருக்கிறது. தொழிலாளர் அலுவலகத்தில் மேல்முறையீடு போடப் போகிறேன்.

வ.

*

சமயபுரம்
6 டிசம்பர் 2023

என் கண்ணுக்கு,

சுகமாக இருக்கிறேன். இது பொய்யில்லை. இருமல்கூட இல்லை.

செப்டம்பர் இருபத்தோராம் தேதி உன் கடை மேனேஜர் கேட்டுக்கு வந்தார். கையில் ஒரு டைப் அடித்த தாள். கடையின் பெயர் மேலே அச்சாகியிருந்தது. 'என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் வேலையிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன், அவள் கொடுத்த புகார் தவறானது' என்று நான் எழுதுவதாக இருந்தது. தேதியும் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். "போட்டுட்டா உங்க வேலைக்கு ஒண்ணும் வராது"ன்னார்.

உன்னை அடங்கிப்போ என்று எழுதியவன் நான்தான். அந்தத் தாளைப் பார்த்ததும்தான் உறைத்தது. நீ உண்மையைச் சொன்னாய். அதைப் பொய் என்று உன் அப்பன் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு என் கையை நான் எப்படித் தருவது? "படிச்சிட்டுத் தரேன்"னு சொல்லி வாங்கி உள்ளே வைத்தேன். மறுநாள் காலை அறையைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். தாளைக் கேட்டார்கள். "தொலைஞ்சு போச்சு"ன்னேன்.

உன்னிடம் சொன்னால் எனக்காக நீ வாபஸ் வாங்குவாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

தேரடிக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த லாட்ஜ். வந்து பார். என்னிடம் போன் கிடையாது, ரிசப்ஷன் போனில் பேசினால் ஊரே கேட்கும்.

அப்பா

*

காட்டூர்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களைப் பார்த்துவிட்டு வந்ததில் மனசு லேசாக இருக்கிறது. நீங்கள் இளைத்திருக்கிறீர்கள் என்று திரும்பவும் எழுதி வைக்கிறேன்.

மேல்முறையீட்டுக்குக் கடைக்காரர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். நான் நிறுத்தப்படவே இல்லையாம். 'திருமணம் நிச்சயமாகியிருப்பதாகக் கூறித் தானாகவே விலகிவிட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நவம்பரில் நான் சொன்னதாகச் சொல்லும் பொய்யை, செப்டம்பரிலேயே டைப் அடித்து உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள்!

அந்தத் தாள் நிஜமாகவே தொலையவில்லையே? ஏப்ரல் நாலாம் தேதி விசாரணை. லாட்ஜில் லீவு தரமாட்டார்கள், வேலைக்கே ஆபத்து வரலாம். வராவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன். தாளை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பினாலும் போதும்.

வள்ளிக்கண்ணு

*

காட்டூர்
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் சௌக்கியம். கொஞ்சம் கர்வமாகவும் இருக்கிறேன். நீங்கள் எப்படி?

உத்தரவு வந்துவிட்டது. என்னை நிறுத்தியது செல்லாது. அதே வேலை, அதே இடம், நடுவில் போன மாசங்களின் சம்பளத்தோடு. பாக்கியமேரி அக்கா உத்தரவை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார், எடுக்க விடமாட்டேன் என்கிறார். நகல்தான் கையில் இருக்கிறது.

ஏப்ரலில் நீங்கள் சாட்சி சொன்னதை இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் வக்கீல் உங்கள் வேட்டியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சொந்தமா கையெழுத்துப் போடத் தெரியுமா?"ன்னு கேட்டாரே.

"தெரியும். அதனாலதான் போடல."

அப்புறம் அந்தத் தாளை எடுத்து நீட்டினீர்கள். நீங்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு அந்த வக்கீல் என்னிடம் வந்தார். ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இனி எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார். "காசுக்கு வரல சார், வேலைக்கு வந்திருக்கேன்"னேன். உங்களிடம் அப்போதே சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் ஒளிக்கத் தெரியும்.

இன்று கடைக்குப் போனேன். அருள்ராஜ் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குக் குடோன்"னார். உத்தரவை விரித்து, 'அதே இடம்' என்ற வரியில் விரல் வைத்தேன். அவரும் சம்பளக்காரர்தானே, மாடிக்குப் போன் பண்ணிவிட்டு, ரகசியமாக, "எங்களுக்கும் அந்த நாற்காலி உண்டாம்மா, சூப்பர்வைசருக்கு?"ன்னு கேட்டார். "எல்லாத் தொழிலாளருக்கும்னுதான் சார் போட்டிருக்கு"ன்னேன்.

ஜோதி பில்லிங்கில் இருக்கிறாள். ஹாஸ்டலுக்கு இனி நான் போகமாட்டேன், தினமும் காட்டூரிலிருந்து பஸ்தான். ஹாஸ்டல் பெண்களின் போனைப் பூட்டி வைப்பதைப் பற்றி அடுத்த புகாரை எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை முப்பத்தெட்டுக் கையெழுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளிக்கண்ணு

*

சமயபுரம்
16 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் வள்ளிக்கண்ணுவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. லாட்ஜில் துணி துவைக்கும் மீரான் பாய்க்கும், ரூம் பெருக்கும் செல்வமேரிக்கும் படித்துக் காட்டினேன். வக்கீலுக்கு நான் சொன்ன பதிலை மீரான் பாய் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

ஏப்ரலில் சாட்சிக்கு வந்ததற்காக இங்கே ஒரு வாரம் ராத்திரி டியூட்டியும் சேர்த்துப் போட்டார்கள். அதை உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன், இனி பாக்கி ஒன்றும் இல்லை.

நேற்று நாங்கள் மூன்று பேரும் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். நான்தான் பேசினேன். "வாரத்துக்கு ஒரு நாள் லீவு வேணுங்க"ன்னேன். இங்கே வந்து பதினோரு மாசமாகிறது, நான் எடுத்த ஒரே லீவு உன் விசாரணைக்கு எடுத்ததுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த வயசுல லீவு எடுத்து எங்கய்யா போகப் போற?"

"அது என் இஷ்டங்க."

வெளியே வந்தபிறகு செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உனக்கு அந்தப் புடவைப் பெட்டியில் உட்கார்ந்தபோது இப்படித்தான் அடித்ததா?

தரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, தருகிறேன் என்றும் சொல்லவில்லை. அதனால் நாங்களே முடிவுசெய்துகொண்டோம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கோயில் கூட்டம். புதன்கிழமை என்னுடைய நாள், வியாழன் பாயுடையது, திங்கள் செல்வமேரியுடையது. தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டோம்.

வருகிற புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் கடைக்குத்தான். ஒரு நாலு முழ வேட்டி எடுக்க வேண்டும். வேட்டிப் பிரிவு எந்த மாடி என்று எழுது. வாசலில் யாராவது கும்பிட்டு "வாங்க வாங்க" சொன்னால் நானும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

அப்பா
நல்லுசாமி